பொறுக்கு விதையும் வெட்டிய மரபணுவும்: கஞ்சாச் செடியில் நடந்தது என்ன?

மதுரைச் சந்தையில் காய்கறிக்கு இரண்டே குலம்தான். ஒன்று நாட்டு ரகம், இன்னொன்று ஹைபிரிட். நாட்டுத் தக்காளி கையில் நசுங்கும், ரசத்துக்கு ஆகும். ஹைபிரிட் தக்காளி தரையில் போட்டால் உருண்டு ஓடும். இதுவரை சரி. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் பிராய்லர் கோழி, ரெட் லேடி பப்பாளி, விதையில்லாத் திராட்சை, தேனிப் பக்கத்துத் திசு வாழை என்று கொஞ்சம் பெரிதாகவோ கொஞ்சம் சந்தேகமாகவோ தெரிகிற எல்லாவற்றையும் போட்டுக் கட்டிவிடுகிறோம். ஹைபிரிட் என்றால் மரபணு மாற்றியது, மரபணு மாற்றியது என்றால் ஹைபிரிட்.

போன வருஷம் உசிலம்பட்டியில் முடிவெட்டும் கடையில் உட்கார்ந்திருந்தேன். 'உயர் ரக ஹைட்ரோபோனிக் கஞ்சா பறிமுதல்' என்ற செய்தியை ஒருவர் சத்தமாகப் படித்துவிட்டு, "இதெல்லாம் மரபணு மாத்துனதுப்பா, வெளிநாட்டுல லேப்ல வச்சுப் பண்றாய்ங்க" என்றார். கடையில் யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை, கழுத்தில் கத்தி இருந்தது. இப்போது இல்லை என்பதால் சொல்கிறேன். அந்தக் கஞ்சாவின் வீரியம் மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததால் வந்தது. மரபணு மாற்றிய கஞ்சாச் செடி என்று ஆய்வகங்களில் உண்மையிலேயே சில இருக்கின்றன. அவற்றில் பேர் சொல்லும்படியானவற்றில் போதை கிடையாது. போதையை எடுத்துப்போடுவதற்காகத்தான் அவற்றை மாற்றியிருக்கிறார்கள்.

இது எப்படித் தலைகீழானது என்பதுதான் விஷயம்.

பொறுக்குவது என்ற வேலை

ஜல்லிக்கட்டு ஊர்க்காரர்களுக்குத் தேர்வு முறை இனவிருத்தியைப் பாடமெடுக்க வேண்டியதில்லை. எந்தக் கன்றுக்குத் திமில் ஏறுகிறது, எது கயிற்றைப் பார்த்ததும் துள்ளுகிறது என்று பார்த்து, நல்லதைக் கோயில் காளையாக விடுவார்கள். அது ஊர்ப் பசுக்களோடு சேரும். மற்றவை காயடிக்கப்பட்டு வண்டிக்கும் ஏருக்கும் போகும். இப்படி எத்தனையோ தலைமுறை நடந்துதான் புலிக்குளம் மாட்டுக்கு அந்த உடம்பும் துடியும் வந்தது. யாரும் மாட்டின் மரபணுவைக் கண்ணால் பார்த்ததில்லை. எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று மட்டும் முடிவெடுத்தார்கள். புதுத் தன்மை எங்கிருந்து வருகிறது என்றால், உயிர்கள் தங்கள் டி.என்.ஏ.வை நகலெடுக்கும்போது அவ்வப்போது பிழை விடுகின்றன. பெரும்பாலான பிழை ஒன்றுக்கும் ஆகாது. எப்போதாவது ஒன்று மனிதனுக்குப் பிடித்துவிடும். அதைப் பிடித்துக்கொள்வதுதான் பொறுக்குவது.

கஞ்சாச் செடியை மனிதன் பொறுக்கத் தொடங்கிச் சுமார் 12,000 ஆண்டு ஆகிறது. 2021இல் வெளியான ஓர் ஆய்வு 110 கஞ்சாச் செடிகளின் மொத்த மரபணுத் தொகுதியையும் ஒப்பிட்டு, இந்தச் செடி கிழக்கு ஆசியாவில்தான் முதலில் மனிதர் கைக்கு வந்தது என்று சொன்னது. ஆரம்பத்தில் நார், விதை, மருந்து எல்லாவற்றுக்கும் ஒரே செடி. பிறகு பாதை பிரிந்தது. நார் வேண்டியவர்கள் கிளை விடாமல் நெட்டையாக வளர்வதைப் பொறுக்கினார்கள். பிசின் வேண்டியவர்கள் கட்டையாக, நிறையக் கிளை விட்டு, நிறையப் பூ வைப்பதைப் பொறுக்கினார்கள். சீனாவின் டர்ஃபான் அருகே யாங்ஹாய் என்ற இடத்தில் 2,700 ஆண்டுப் பழைய கல்லறை ஒன்றில் 789 கிராம் கஞ்சா கிடைத்தது. 2008இல் அதை வேதிச் சோதனை செய்தபோது, அது போதைத் தன்மை உள்ள செடி என்று தெரிந்தது. வேலை அப்போதே நன்றாக முன்னேறியிருக்கிறது.

கார்ல் லின்னேயஸ் 1753இல் ஐரோப்பாவின் நார்ச் செடியைப் பார்த்து 'கன்னாபிஸ் சட்டைவா' என்று பெயர் வைத்தார். 1785இல் லமார்க் இந்தியாவிலிருந்து போன செடியைப் பார்த்து, இது வேறு என்று சொல்லி 'இண்டிகா' என்றார். இரண்டும் ஒன்றோடொன்று தாராளமாகச் சேரும், விதை கட்டும். அதனால் ஒரே இனம்தான் என்பவர்களே இன்று அதிகம்.

இங்கே தமிழில் ஒரு சிக்கல். 'ஹெம்ப்' என்று ஆங்கிலத்தில் வந்தால் நம் செய்தித்தாள்கள் சணல் என்று மொழிபெயர்த்துவிடுகின்றன. சணல் வேறு செடி. நம் பக்கம் நெல்லுக்கு முன்னால் விதைத்து மடக்கி உழுகிற சணப்பு இன்னொரு செடி, அது பயறுக் குடும்பம். இரண்டுக்கும் கஞ்சாவோடு எந்த உறவும் இல்லை. இந்தக் கட்டுரையில் போதை குறைந்த, நாருக்கும் விதைக்கும் வளர்க்கிற கஞ்சாவை நார்க்கஞ்சா என்றே சொல்கிறேன்.

ஆண் செடி, பெண் செடி

பனையைப் போலக் கஞ்சாவிலும் ஆண் தனி, பெண் தனி. நமக்கு இருப்பது போலவே எக்ஸ், ஒய் குரோமோசோம்கள்தான் அதைத் தீர்மானிக்கின்றன. பிசின் நிறையச் சுரப்பது பெண் பூவைச் சுற்றியுள்ள நுண்ணிய சுரப்பி முடிகளில். மகரந்தம் காற்றில் வரும். வந்து ஒட்டிவிட்டால் செடி தன் சக்தியை விதைக்குத் திருப்பிவிடும். வராவிட்டால் பூமேல் பூவாக வைத்துக்கொண்டே போகும், பிசினும் ஏறும்.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவைப்படவில்லை. ஆங்கிலேய அரசு 1893-94இல் அமைத்த இந்தியக் கஞ்சா ஆணையத்தின் அறிக்கையில், வங்காளத்து நவகாவ் பகுதியில் 'போத்தார்' என்று ஓர் ஆள் இருந்ததாக வருகிறது. கஞ்சா டாக்டர் என்றும் அவரைச் சொல்வார்கள். அவர் வயலுக்குள் நடந்து, பூப்பதற்கு முன்பே ஆண் செடி எது என்று அடையாளம் கண்டு பிடுங்கச் செய்வார். கூலி வாங்கிக்கொண்டு அடுத்த வயலுக்குப் போய்விடுவார். எனக்கு அந்த அறிக்கையில் ரொம்பப் பிடித்த பாத்திரம் அவர்தான். விதையில்லாப் பூவுக்கு மேற்கத்தியச் சந்தை 'சின்செமியா' என்று ஸ்பானியப் பெயர் வைத்துக் கொண்டாடுவதற்கு முன்பே, வங்காளத்தில் அதற்கு ஒரு தொழிலாளி இருந்திருக்கிறார்.

மதுரையில் பிடிபடுகிற கஞ்சாவில் பெரும்பகுதி ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளிலிருந்து வருவதாகக் காவல்துறை வழக்குக்கு வழக்கு சொல்கிறது. அப்படி வரும் பொட்டலங்களில் பெரும்பாலும் விதை கிடக்கும். அதாவது அந்தச் செடிக்கு மகரந்தம் சேர்ந்திருக்கிறது, போத்தார் வேலையைக்கூட யாரும் ஒழுங்காகச் செய்யவில்லை. மரபணு மாற்றம் அங்கிருந்து ரொம்ப தூரம்.

பொறுக்கியதை அப்படியே நிறுத்திவைப்பது அடுத்த படி. விதை போட்டால் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி வரும். நல்ல செடி ஒன்று கிடைத்தால் அதன் குச்சியை வெட்டி வேர்விட வைத்துவிட்டால், அதே செடி நூறாகும். மல்லிகைக்காரர்களுக்கு இது அன்றாடக் காரியம். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி விதையால் பெருகுவதில்லை. ராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடம் பக்கமிருந்து வரும் நாற்றுகள் குச்சியில் வேர்விட்டவை. திருமங்கலம் தோட்டத்தில் நிற்கிற புதரும் அதன் தாய்ப் புதரும் மரபில் ஒன்றுதான். 'குளோன்' என்றால் திரைப்படத்தில் வருகிற மாதிரி என்னவோ என்று நினைக்கிறோம், மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் அது முழம் கணக்கில் விற்கிறது.

தேனியில் நடுகிற திசு வாழையும் இதேதான். கண்ணாடிக் குடுவையில் வளர்க்கிறார்கள் என்பதால் மரபணு மாற்றியது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளே ஒரு மரபணுவைக்கூடத் தொடவில்லை, கன்று எடுக்கிற இடம் மட்டும் மாறியிருக்கிறது. 'ஹைட்ரோபோனிக்' என்ற சொல்லும் அப்படித்தான். மண் இல்லாமல், சத்துக் கரைத்த நீரில் வளர்த்தது என்று பொருள். அது வளர்க்கும் முறையின் பெயர், ரகத்தின் பெயர் இல்லை. நாட்டுத் தக்காளியையும் ஹைட்ரோபோனிக்காக வளர்க்கலாம். பாங்காக் விமானத்தில் வருகிற பொட்டலத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்த பிறகு அங்கே உள்ளரங்க வளர்ப்பு பெருகியதுதான்.

இதெல்லாம் சேர்ந்தால் எவ்வளவு தூரம் போகும்? அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவை மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் வருடாவருடம் சோதிக்கிறார்கள். போதை தருகிற டி.எச்.சி.யின் அளவு 1995இல் சராசரியாக 4 சதவீதம், 2014இல் 12 சதவீதம். மூன்று மடங்கு. விதையுள்ள மட்டக் கஞ்சா குறைந்து, விதையில்லாத பூ சந்தையைப் பிடித்ததும் இதில் பெரிய பங்கு. பொறுக்கல், குச்சி வெட்டிப் பெருக்கல், ஆண் செடியை விலக்கல், விளக்கு வெளிச்சம். இவ்வளவும் பழைய வித்தைதான், கவனம் மட்டும் புதிது.

சித்தப்பாவின் பருத்தி

ஹைபிரிட் என்றால் என்ன என்பதை எனக்குப் புரியவைத்தது பேரையூர்ப் பக்கம் பருத்தி போடுகிற சித்தப்பா. ஒரு வருஷம் கடையில் வாங்கிய வீரிய ஒட்டுப் பருத்தி அமோகமாக வந்தது. விதை விலை கட்டுப்படியாகவில்லை என்று, அதிலிருந்தே விதை எடுத்து அடுத்த வருஷம் ஊன்றினார். போய்ப் பார்த்தபோது வரப்பில் நின்றுகொண்டு, "ஒரே செடி வெதைடா இது. ஒண்ணு இடுப்புக்கு நிக்குது, ஒண்ணு முட்டிக்கு நிக்குது. ஒண்ணு பூவே வைக்கல" என்றார். விதைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்பது அவர் முடிவு.

ஏமாற்றியது கிரிகோர் மெண்டலின் கணக்கு. வெவ்வேறு குணமுள்ள, தனித்தனியாகச் சீராக்கிய இரண்டு தாய்தந்தை வரிசைகளைச் சேர்த்தால் முதல் தலைமுறை எல்லாம் ஒன்றுபோல, திடமாக வரும். அதுதான் ஹைபிரிட், அதுதான் பையில் இருப்பது. அதன் பிள்ளைகளில் தாத்தா பாட்டிக் குணங்கள் எல்லாம் சீட்டுக்கட்டு குலுக்கியதுபோல் பிரிந்து விழும். இதில் வெளி மரபணு எதுவும் உள்ளே வரவில்லை. ஒரு குடும்பத்துக்கும் இன்னொரு குடும்பத்துக்கும் நடந்த கல்யாணம், அவ்வளவுதான்.

கஞ்சாவில் இந்தக் கணக்கைச் சுத்தமாகப் போட்டுக் காட்டியவர் கஞ்சா இனவிருத்தி ஆய்வாளர் எட்டியன் டி மேயர். அதைச் சொல்வதற்குமுன் செடிக்குள் நடக்கும் சமையலைப் பார்க்க வேண்டும். டி.எச்.சி.யை 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் காவ்னியும் பிரித்தெடுத்தார்கள். சி.பி.டி. என்று இன்னொரு பொருள் உண்டு. அதற்குப் போதை கிடையாது, சில வகை வலிப்புக்கு மருந்தாகிறது. இரண்டுக்கும் செடி ஒரே மூலப்பொருளைத்தான் அரைத்து வைக்கிறது, பெயர் சி.பி.ஜி.ஏ. அதை மாவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாவு. இட்லிச் சட்டியில் ஊற்றினால் இட்லி, கல்லில் ஊற்றினால் தோசை. ஒரு நொதி (என்சைம்) மாவை டி.எச்.சி. பக்கம் திருப்பும், அதைத் தோசை என்று வையுங்கள். இன்னொரு நொதி சி.பி.டி. பக்கம் திருப்பும், அது இட்லி. (செடியில் இருப்பது இரண்டின் அமில வடிவம்தான். சூடு பட்ட பிறகே டி.எச்.சி. டி.எச்.சி. ஆகிறது. பச்சையாக மென்றால் பெரிதாக ஒன்றும் ஆகாததற்குக் காரணம் அதுதான்.)

டி மேயர் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வில், தோசை மட்டும் செய்கிற செடியையும் இட்லி மட்டும் செய்கிற செடியையும் சேர்த்தார்கள். முதல் தலைமுறை எல்லாமே இரண்டும் செய்தது. அதன் பிள்ளைகளில் கால் பங்கு தோசை, பாதி இரண்டும், கால் பங்கு இட்லி. மெண்டல் பட்டாணியில் எதிர்பார்த்திருக்கக்கூடிய அதே ஒன்றுக்கு இரண்டுக்கு ஒன்று. அப்போது அது ஒரே மரபணுவின் இரண்டு வடிவம் என்று நினைத்தார்கள். 2011இல் கஞ்சாவின் மரபணுத் தொகுதி வரைவாக வெளிவந்து, அதன் பின் வந்த விரிவான வரைபடங்களில், அவை பக்கத்து பக்கத்துத் தனி மரபணுக்கள், ஆனால் ஒட்டியே பயணிக்கின்றன என்று தெளிவானது. இனவிருத்தி செய்பவருக்கு எப்படியானாலும் சேதி ஒன்றுதான். போதையா இல்லையா என்ற பெரிய முடிவு ஒரே இடத்தில் இருக்கிறது. மாவு எவ்வளவு அரைபடும் என்பது மட்டும் பல மரபணுக்கள் கூடி முடிவு செய்வது. அதைப் பொறுக்கல்காரர்கள் வருஷக்கணக்கில் ஏற்றிக்கொண்டே வந்தார்கள்.

விற்பனையில் இருக்கிற ரகப் பெயர்களை நம்பிவிடக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தில் பிரபலமான 'ஒயிட் விடோ'வின் ஒரு பெற்றோர் தென்னிந்தியச் செடி என்று விற்பவர்கள் வம்சாவளி சொல்வார்கள். கம்பத்துக்கு மேலே தெரிகிற இடுக்கி மலைகளின் பெயரிலும் ஒரு ரகம் உலகம் சுற்றுகிறது. 2015இல் வந்த ஒரு மரபணு ஆய்வில் 'சட்டைவா', 'இண்டிகா' என்று ஒட்டிய சீட்டுக்கும் உள்ளே இருந்த மரபுக்கும் பொருத்தம் ஓரளவுக்குத்தான் என்று தெரிந்தது. மதுரை மல்லி என்று வெளியூரில் விற்பதெல்லாம் மதுரை மல்லியா என்று நமக்குத் தெரியாதா என்ன.

ஒரே பையில் இரண்டு சமாச்சாரம்

அப்படியானால் ஹைபிரிட்டையும் மரபணு மாற்றத்தையும் மக்கள் ஏன் குழப்பிக்கொள்கிறார்கள்? குற்றம் அவர்களுடையது என்று நான் நினைக்கவில்லை. நம் ஊருக்கு இரண்டும் ஒரே பையில் வந்தது.

2002 மார்ச்சில் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பாக்டீரியாவின் ஒரு மரபணுவைப் பருத்திக்குள் வைத்து, காய்ப்புழு தின்றால் சாகிற புரதத்தைச் செடியே செய்யும்படி ஆக்கியிருந்தார்கள். இதுதான் அசல் மரபணு மாற்றம். பாக்டீரியாவும் பருத்தியும் எந்தக் கோயில் காளை முறையிலும் சேர வாய்ப்பில்லை. ஆனால் இந்தியாவில் அது கிட்டத்தட்ட முழுக்க வீரிய ஒட்டு விதையாகத்தான் விற்கப்பட்டது. அதனால் சித்தப்பா வாங்கிய பை ஹைபிரிட்டும்தான், மரபணு மாற்றியதும்தான். மறுவருஷம் செடி ஏறுக்குமாறாக வந்தது ஹைபிரிட் என்பதால். அதற்கும் பாக்டீரியா மரபணுவுக்கும் சம்பந்தமில்லை. இதை அவருக்குச் சொல்ல நான் இரண்டு முறை முயன்றிருக்கிறேன்.

இன்னொன்றும் அந்தப் பைக்குள் ஒளிந்திருக்கிறது. பாக்டீரியா மரபணுவை முதலில் நம் பருத்தியில் வைக்கவில்லை. 'கோக்கர் 312' என்ற அமெரிக்க ரகத்தில் வைத்தார்கள். அது உசத்தி ரகம் என்பதற்காக இல்லை. ஒற்றைச் செல்லிலிருந்து முழுச் செடியாகக் குடுவையில் எழுந்து வருவது அந்த ரகத்துக்குச் சுலபம். மற்றவை அடம் பிடிக்கும். அதில் ஏறிய பிறகு, இந்தியத் தாய்தந்தை வரிசைகளோடு தலைமுறை தலைமுறையாகத் திரும்பத் திரும்பச் சேர்த்துத்தான் மரபணுவை இங்கே கொண்டுவந்தார்கள். ஆய்வகத்தில் மாற்றம் ஒருமுறை நடக்கும், அதன் பிறகு வருஷக்கணக்கில் நடப்பது பழைய பொறுக்கல் வேலை. 'இதா, அதா' என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் பேசுகிற விவாதங்களில் எனக்கு நம்பிக்கை போனது இது தெரிந்த பிறகுதான். யானைமலை அடிவாரத்தில் 1965 முதல் இருக்கிற வேளாண்மைக் கல்லூரியில் எம்.டி.யூ. என்ற முன்னெழுத்தோடு வந்த நெல் ரகங்களைச் சேர்த்துப் பொறுக்கியவர்களின் வேலை, நாளைக்கு எந்த நவீன மரபணு வந்தாலும் மிச்சமிருக்கும்.

கஞ்சா இந்த விஷயத்தில் கோக்கர் இல்லை, அடம் பிடிக்கிற கூட்டத்தைச் சேர்ந்தது. மரபணுவை ஏற்றுவதற்கு வழக்கமான வண்டி அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா. தண்டில் கழலை உண்டாக்கும் இந்தக் கிருமிக்குத் தன் டி.என்.ஏ. துண்டொன்றைச் செடிக்குள் நுழைக்கும் வித்தை இயல்பிலேயே தெரியும். 2003இல் நார்க்கஞ்சாச் செல்களுக்குள் இப்படி மரபணுவை ஏற்றினார்கள். ஏறியது. ஆனால் அந்தச் செல் கூட்டத்திலிருந்து ஒரு செடியும் எழவில்லை. 2021இல்தான் சீன ஆய்வாளர்கள் முழுச் செடியை எழுப்பி, கிரிஸ்பர் கத்திரியால் ஒரு மரபணுவைக் குறிபார்த்து வெட்டியும் காட்டினார்கள். வெட்டியது பச்சை நிறம் தங்குவதற்குத் தேவையான மரபணு. வெட்டு விழுந்ததா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம் என்பதற்காக அதைத் தேர்ந்தார்கள். வெள்ளை வெளேரென்று கஞ்சாக் கன்றுகள் வந்தன. உலகத்தின் விலை உயர்ந்த பயிர்களில் ஒன்று, மரபணுப் பொறியியலில் பருத்திக்கு இத்தனை வருஷம் பின்னால் நின்றதற்குச் செடியின் பிடிவாதம் ஒரு காரணம், சட்டத்தின் பிடிவாதம் இன்னொரு காரணம்.

ஏன் தலைகீழ்

போதையைக் கூட்ட மரபணு மாற்றம் யாருக்கும் அவசரமாகத் தேவைப்படவில்லை. பொறுக்கலே அதைத் தாராளமாகச் செய்துவிட்டது. போதையைச் சுத்தமாக எடுப்பதில்தான் பொறுக்கல் ஒரு சுவரில் முட்டியது.

அமெரிக்காவில் 2018 விவசாயச் சட்டப்படி, உலர்ந்த எடையில் டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்கு மேல் போனால் அது நார்க்கஞ்சா இல்லை. இந்த 0.3, எர்னஸ்ட் ஸ்மாலும் ஆர்தர் குரோன்குவிஸ்டும் 1976இல் தாவர வகைப்பாட்டுக்காகப் போட்ட கோடு. இயற்கையில் அப்படி ஓர் எல்லை இல்லை. அங்கே விவசாயிகள் சி.பி.டி.க்காக நார்க்கஞ்சா போட்டார்கள், இட்லி மட்டும் செய்கிற செடிகள். ஆனால் இட்லிச் சட்டியிலும் ஓரத்தில் கொஞ்சம் தீய்ந்து தோசை மாதிரி ஆகிவிடுகிறது. சி.பி.டி. நொதியே தன் வேலைக்கு நடுவில் சிறிது டி.எச்.சி.யையும் செய்துவிடுகிறது, ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள். சி.பி.டி. 6 சதவீதம் ஏறினால் டி.எச்.சி. 0.3ஐத் தொட்டுவிடும். பூ நன்றாக முற்றினால், பணம் வரும் நேரத்தில், பயிர் சட்டவிரோதமாகிவிடும். அறுவடைக்கு முன் சோதனையில் தோற்று அழிக்கப்பட்ட வயல்கள் அங்கே நிறைய. எவ்வளவு பொறுக்கினாலும் இது தீராது, ஏனென்றால் குறை நொதியின் சுபாவத்திலேயே இருக்கிறது.

அதனால்தான் கத்திரியும் மரபணு மாற்றமும் இந்தப் பக்கம் வந்தன. 2023இல் அமெரிக்க வேளாண்மைத் துறை, டி.எச்.சி.யைக் குறைக்கும்படி மரபணு மாற்றிய ஒரு நார்க்கஞ்சாவைப் பரிசீலித்து, சாதாரண நார்க்கஞ்சாவைவிட இதனால் பயிர்களுக்கு ஆபத்து கூடுவதாகத் தெரியவில்லை என்று சொன்னது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் 'பேட்ஜர் ஜி' என்ற நார்க்கஞ்சா இன்னும் ஒரு படி மேலே. தோசைக்கல்லும் இல்லை, இட்லிச் சட்டியும் இல்லை. மாவு மாவாகவே நின்றுவிடுகிறது.

செடியே வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. 2019இல் ஜே கீஸ்லிங்கின் பெர்க்லி குழு கஞ்சாவின் நொதி மரபணுக்களை ஈஸ்டுக்குள் வைத்து, சர்க்கரையிலிருந்து டி.எச்.சி., சி.பி.டி. இரண்டின் அமிலங்களையும் செய்துகாட்டியது. ரொட்டிக் கடை ஈஸ்ட்தான். முடிவெட்டும் கடை நண்பர் சொன்ன 'லேப்ல பண்றது' என்பதற்கு மிக அருகில் வருவது இதுதான், ஆனால் இதில் இலையும் இல்லை பூவும் இல்லை.

நடுவில் ஒரு கட்சியும் இருக்கிறது. கால்ச்சிசின் என்ற மருந்தால் குரோமோசோம்களை இரட்டித்து, அந்தச் செடியைச் சாதாரணச் செடியோடு சேர்த்தால் மூன்று தொகுதி குரோமோசோம் உள்ள பிள்ளை வரும். அது மலடு, மகரந்தம் வந்தாலும் விதை ஏறக்குறைய கட்டாது. நாம் தின்னும் வாழைப்பழத்தில் விதை இல்லாததற்கும் இதே மூன்றுதான் காரணம், அங்கே அதை மருந்தில்லாமல் இயற்கையே செய்தது. மும்மடி நார்க்கஞ்சா விதை அமெரிக்காவில் விற்பனைக்கே வந்துவிட்டது. அதைச் சட்டம் மரபணு மாற்றமாகக் கருதுவதில்லை.

பயப்பட ஒன்றுமே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது, ஆனால் பலரும் கைகாட்டுகிற இடத்தில் இல்லை. மரபணு மாற்றிய கஞ்சாவைத் தொட்டால் என்ன ஆகும் என்பது எனக்குக் கவலை இல்லை. கஞ்சா காற்றில் மகரந்தம் விடுகிற பயிர் என்பதுதான் கவலை. அந்த மகரந்தம் கிலோமீட்டர் கணக்கில் போகும். இமயமலை அடிவாரத்தில் கஞ்சா தானாக முளைத்துக் கிடக்கிறது. உத்தராகண்ட் 2018இல் நார்க்கஞ்சாவுக்கு உரிமம் கொடுக்கத் தொடங்கியது. அங்கே வயலில் எதை நட்டாலும், அது மரபணு மாற்றியதோ வெளிநாட்டு ஹைபிரிட்டோ, ஆயிரக்கணக்கான வருஷம் அந்த மலைக்கு ஏற்றபடி பொறுக்கப்பட்ட உள்ளூர்ச் செடிகளோடு கலக்கும். நம் பக்கத்துக் கருங்கண்ணிப் பருத்தி கரிசல் காட்டிலிருந்து ஒதுங்கியது கம்போடியாப் பருத்தியும் ஒட்டு ரகங்களும் வந்த காலத்திலேயே. பி.டி. அப்போது பிறக்கவே இல்லை.

சட்டத்துக்கு இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், கன்னாபிஸ் பேரினத்தைச் சேர்ந்த எந்தச் செடியும் கஞ்சாச் செடி என்கிறது. பூவும் காயும் உள்ள கொழுந்துப் பகுதி கஞ்சா. டி.எச்.சி. எத்தனை சதவீதம் என்று அந்த வரையறை கேட்பதில்லை. அரசு சிறப்பாக அனுமதித்தால் நாருக்கும் விதைக்கும் வளர்க்கலாம் என்று 14ஆம் பிரிவு சொல்கிறது. அனுமதி இல்லாமல் வளர்த்தால் 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

இன்னொரு பக்கம், 2022 மார்ச்சில் மத்திய அரசு ஒரு விலக்கு கொடுத்தது. கிரிஸ்பர் போன்ற கத்திரியால் செடியின் சொந்த மரபணுவில் சிறு திருத்தம் மட்டும் செய்து, வெளி டி.என்.ஏ. எதுவும் மிச்சமில்லாத பயிர்களுக்கு, மரபணு மாற்றப் பயிர்களுக்கான கடுமையான விதிகள் பொருந்தாது. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட 'கமலா' நெல், சம்பா மசூரி ரகத்திலிருந்து அந்த வழியில் வந்தது. 2010இல் பி.டி. கத்தரிக்காயை நிறுத்திவைத்த நாடு, சம்பா மசூரியில் கத்திரி போட்டதை ஏற்றுக்கொண்டது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். யாராவது நாளைக்கு டி.எச்.சி. நொதியின் மரபணுவை அப்படியே வெட்டிப்போட்டு, போதை துளியும் இல்லாத ஒரு செடியை இங்கே உருவாக்கினால், சுற்றுச்சூழல் விதிகளின்படி அதற்கு நெல்லுக்குக் கிடைத்த விலக்கே கிடைக்க வாய்ப்புண்டு. அதே செடியை அனுமதியில்லாமல் வீட்டுக் கொல்லையில் நட்டுவைத்துப் பிடிபட்டால், மதுரை போதைப்பொருள் சிறப்பு நீதிமன்றத்தில் அதன் பெயர் கஞ்சாச் செடி.

சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். "பருத்திக்கே ஒரு வழியக் காணோம்" என்றார்.